கலைத்த மரங்களின் நிழல்

சித்திரை பிறந்து பதினோராம் நாள் காலை, செங்கரட்டுச் சரிவில், இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் வெட்டிய ஒரு வேங்கை மரத்தின் நிழல் திரும்பவும் தரையில் வந்து விழுந்தது. மரம் இல்லை; கணுக்கால் உயரத்துக்கு ஒரு கட்டைதான் இருந்தது, அதிலும் பாதியைக் கரையான் தின்றிருந்தது. ஆனால் நிழல் முழுசாக இருந்தது, அடிமரமும் கொப்பும் இலையும் இலைகளுக்கு நடுவே ஆடும் வெளிச்சப் பொட்டுகளுமாக, வெட்டாமல் விட்டிருந்தால் இன்றைக்கு எவ்வளவு வளர்ந்திருக்குமோ அவ்வளவுக்கு வளர்ந்து. முதலில் கண்டவை நஞ்சம்மாளின் வெள்ளாடுகள். ஆடுகளுக்கு மரம் எங்கே போயிற்று என்ற விசாரணையெல்லாம் கிடையாது. காலை பத்து மணிக்கே பாறை கொதிக்கிற வருஷத்தில் குளுமை கிடைத்த இடத்தில் படுத்து அசைபோட்டன. நஞ்சம்மாளும் துண்டை விரித்து அவற்றோடு படுத்துத் தூங்கி எழுந்தாள். பொழுது சாய வீட்டுக்குப் போகிற வழியில் டீக்கடையில் அதைச் சொன்னாள், அதையும் கடைசியாகத்தான் சொன்னாள், முதலில் ஒரு கிடாய்க்குக் கால் பிசகிய கதையைச் சொன்னாள்.

மறுநாள் சென்னியப்பன் போய்ப் பார்த்தார். ஆள் உயரத்தில் கிழக்கே வளைந்து, வளைந்த இடத்திலேயே இரண்டாகக் கவைத்து, ஒரு கொப்பு மேலேயும் ஒரு கொப்பு பக்கத்திலேயும் போன அந்த நிழலை அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. தன் கையால் அடையாளம் போட்ட மரத்தைத் தெரியாமல் போகுமா? கட்டையின் அடியில் இருந்த மண்ணைக் காலால் ஒதுக்கினார். அவருடைய சுத்தியல் பதித்த முத்திரை மங்கலாக இருந்தது.

செங்கரடு நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்பு மொட்டைச் சரிவாகக் கிடந்தது. ஊர் கூடி மர வளர்ப்புச் சங்கம் ஒன்று வைத்து, மலை முழுக்க வேங்கை நட்டார்கள், ஒட்டுமொத்தமாக ஒருநாளும் வெட்டுவதில்லை என்று கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்தார்கள். பத்தாம் வருஷம் ஒருதரம், இருபதில் ஒருதரம், முப்பதில் ஒருதரம் என்று மூன்றுமுறை கலைத்தார்கள். பருத்திக்காட்டில் நெருக்கமாக முளைத்த செடியைப் பிடுங்கி மற்றதற்கு இடம் விடுவதைத்தான் அந்தப் பக்கத்தில் கலைப்பது என்பார்கள். மரத்துக்கும் அதே பேச்சு. மூன்றில் ஒன்றை வெட்டவேண்டும், எதை வெட்டுவது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் மூன்றுமுறையும் சென்னியப்பன்தான். ஒவ்வொரு மரமாகக் கையால் தட்டிப் பார்ப்பார், அண்ணாந்து பார்ப்பார், நேராகப் போனதை விட்டுவிடுவார், வளைந்தது, கவைத்தது, குட்டையாக நின்றுவிட்டது எதுவோ அதில் கைக்கோடாலியால் பட்டையைச் சீவிச் சுத்தியலால் இரண்டு இடத்தில் முத்திரை போடுவார், நெஞ்சு உயரத்தில் ஒன்று, பாதத்தில் ஒன்று. மேல் முத்திரை மரத்தோடு போய்விடும். அடி முத்திரை கட்டையில் நின்று, இது நியாயமாக வெட்டிய மரம் என்று சாட்சி சொல்லும். வெளியூர்க்காரர்கள் வேன் வைத்துக்கொண்டு வந்து பார்த்தார்கள், காட்டைத் தின்னவும் செய்து காப்பாற்றவும் செய்கிறவர்கள் உங்களைப்போல் இல்லை என்று சொல்லிப் போனார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்தக் காட்டில் நின்ற ஒவ்வொரு மரமும் தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்கலாம்போல நேராக நின்றது, சென்னியப்பனும் அவற்றுக்கு நடுவே கொஞ்சம் நேராகத்தான் நடந்தார்.

அந்த ஒரு நிழலோடு நிற்கவில்லை. வாரம் முடிவதற்குள் நாற்பது, மாசம் முடிவதற்குள் சரிவு முழுக்க, கட்டை இருந்த இடத்திலெல்லாம் நிழல் எழுந்தது, கட்டையைப் பிடுங்கி வீடு கட்டியிருந்தவர்கள் வீட்டுக்கூரைமேலும் எழுந்தது. ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், தண்ணீர் லாரி வந்தால் எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படி, யார் முன்னால் போவது என்பதில்தான் பேச்சாக இருந்தது. ரேஷன் கடை வரிசை நிழலுக்கு மாறியது. தையல்காரர் தன் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து நிழல் நகர நகர அரைமணிக்கு ஒருதரம் தானும் நகர்ந்து தைத்தார், அந்த வருஷம் தைத்த சட்டைகளுக்கெல்லாம் ஒரு தோள் கொஞ்சம் கோணலாக இருந்தது, யாரும் குறை சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துப் பரீட்சையை வெளியில் வைத்தார்கள். மிளகாய் காயவைக்கிறவர்கள் மட்டும் எங்கள் களத்தில் வந்து விழுகிறது என்று சங்கத்தில் புகார் கொடுத்தார்கள். காலையில் என் காட்டில் விழுந்த நிழல் பொழுதோடு உன் காட்டில் விழுகிறதே, அது யாருடையது என்று அண்ணன் தம்பிகள் இரண்டு பேர் பேச்சுவார்த்தை விட்டார்கள். சங்கம் கூடி, நிழல் படுத்திருக்கும் நேரத்துக்கு அந்த மண்ணுக்காரனுக்கு என்று தீர்மானம் போட்டது. புரட்டாசியில் நிழல்கள் பூத்தன. கொத்துக்கொத்தாகப் பூவின் நிழல் தரையில் ஆடியது, வண்டின் நிழல் வந்து அதில் உட்கார்ந்தது, ஒரு பூகூட உதிரவில்லை. பெண்கள் கொஞ்ச நேரம் மடியேந்தி நின்று பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள்.

நிஜ மரங்கள்தான் பூக்கவில்லை. மூன்று வருஷமாக மழை இல்லை என்று சொல்ல முடியாது. வந்தது, ஒரே நாளில் வந்து, மண்ணை ஊறவிடாமல் ஓடையோடு போய்விட்டது, பிறகு எட்டு மாசத்துக்கு வெயில். நேர்நேராக நின்ற வேங்கைகள் நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வந்தன, தைக்குள் பாதிச் சரிவும் பங்குனிக்குள் மிச்சமும் நின்றபடியே செத்திருந்தது. செத்ததை வெட்டாவிட்டால் தீப்பிடிக்கும், வண்டு பரவும் என்று சங்கம் வெட்டியது, வெட்டித்தான் ஆகவேண்டும், அதுவும் முறைதான். ஆனால் அப்படி வெட்டிய மரங்களுக்கு நிழல் எழவில்லை. உயிரோடு இருந்து சென்னியப்பன் கையால் முத்திரை வாங்கிய மரங்களுக்கு மட்டும்தான் அந்த வரம். அடுத்த சித்திரையில் செங்கரட்டை அடிவாரத்திலிருந்து பார்த்தால் ஒரு மரம் இல்லாத மலையின்மேல் அடர்ந்த காடு ஒன்று தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

கன்று நடுவதற்காக ஜேசிபி வைத்துக் கட்டைகளைத் தோண்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. செத்துப்போன நேர் மரத்தின் வேர் முழங்கை ஆழத்தில் பாய்விரித்ததுபோல் பக்கவாட்டில் கிடந்தது. அதற்குப் பக்கத்தில், கிழக்கே வளைந்து கவைத்த மரத்தின் கட்டையைத் தோண்ட ஆரம்பித்து, வாளி எட்டாமல், ஆட்கள் இறங்கி மண்வெட்டியால் தோண்டி, மூன்று ஆள் ஆழத்தில் விரல் தடிமனில் இன்னும் கீழே போய்க்கொண்டிருந்த வேரைப் பார்த்தார்கள். அது போன இடத்தில் மண் ஈரமாக இருந்தது. மேலே வளராமல் மக்கு மாதிரி நின்றதெல்லாம் அத்தனை வருஷமும் கீழே என்ன செய்துகொண்டிருந்தது என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. குழியைச் சுற்றி நின்ற முப்பது பேரும் சென்னியப்பன் முகத்தைப் பார்க்காமல் பார்த்தார்கள். செயலாளர் குருநாதன், எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவுதானுங்களே மாமா என்று சொன்னார். யாராவது ஒருத்தன் வாய்விட்டுத் திட்டியிருந்தால் தேவலை என்று சென்னியப்பனுக்கு இருந்தது.

காட்டில் மூன்று வளைந்த மரங்கள் உயிரோடு இருந்தன. அடிவாரத்திலிருந்து தெரியாத மேற்கு ஓடைப் பள்ளத்தில் மலைத்தேனீ கட்டியிருந்ததால் மூன்றுமுறையும் அவர் இறங்கி முத்திரை போடாமல் விட்ட மரங்கள். தேனீக்குப் பயந்து விட்டதுதான் காட்டில் மிஞ்சியது. அதில் மட்டும் பிடித்திருந்த விதையைப் பொறுக்கி நாற்றங்கால் போட்டார்கள், இனி வளைந்ததையும் விட்டுத்தான் கலைப்பது என்று எழுதி வைத்தார்கள். அதையெல்லாம் அவரைக் கேட்டுத்தான் செய்தார்கள், அவரும் சொன்னார்.

வீட்டில் அவர் மனைவி ராமாத்தா ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருப்பதற்கு ஒரு காரணம் இருந்தது.

அவர்களுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் சாந்தாமணி, படிப்பில் சூட்டிகை. ஒன்றரை வருஷம் தள்ளிப் பிறந்த பாவாயி நாலு வயசுவரை பேசவில்லை, இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பாள், பள்ளிக்கூடத்தில் எழுத்து ஏறவில்லை என்று வாத்தியார் கைவிரித்தார். ராமாத்தாளின் ஒன்றுவிட்ட அண்ணன் ரங்கண்ணன் மலைக்கு அந்தப் பக்கம் கொள்ளேகாலில் பிள்ளையில்லாமல் இருந்தார், ஒன்றைக் கொடுங்கள் என்று கேட்டார். இரண்டாம் கலைப்பு நடந்த அதே மாசம், பகலெல்லாம் முத்திரை போட்டுவிட்டு வந்த கையோடு, சென்னியப்பன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், ரெண்டும் நெருக்கமா நின்னா ரெண்டுமே தேறாது, ஒண்ணு தள்ளி நிக்கட்டும் என்று. பாவாயிக்கு அப்போது ஒன்பது வயசு. அவளைக் கூட்டிக்கொண்டு போன அன்றைக்கு அவர் காட்டில் இருந்தார். மூத்தவள் நர்ஸுக்குப் படித்துக் கோயமுத்தூரில் நல்லபடியாக இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்கிறாள், அதில் ஒரு குறையும் இல்லை. சின்னவள் பதினெட்டு வயசில் ஒருதரம் வந்தாள், வாசலில் நின்று தண்ணீர் வாங்கிக் குடித்தாள், அம்மாவோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போய்விட்டாள். அதற்கப்புறம் ரங்கண்ணன் செத்ததற்கு ஆள் வந்து சொன்னதோடு சரி.

அந்த வைகாசியில் ஒருநாள் காலை ஒன்பது மணிக்கு, சென்னியப்பன் பல் விளக்கிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், வாசலில் ஒரு பெண்ணின் நிழல் நின்றது. ஆள் இல்லை. கொண்டை போட்ட தலை, இடுப்பில் சொருகிய முந்தானை, முப்பது வயசுக்குரிய உடம்பு. அது தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நகர்ந்தபோது இடது கால் கொஞ்சம் இழுபட்டது.

ராமாத்தா உள்ளேயிருந்து ஓடிவந்து அதன் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு வேறு வேலை இல்லை. நிழல் வாசல் கூட்டினால் இவளும் கூடக் கூட்டினாள், அது உட்கார்ந்தால் இவளும் உட்கார்ந்து ஊர்க்கதை சொன்னாள், ஒரு தட்டில் சோறு போட்டுப் பக்கத்தில் வைத்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து, புள்ளை வந்திருக்குதாட்ட இருக்குது என்று விசாரித்துப் பூக்கொடுத்துப் போனார்கள். இருபத்துமூன்று வருஷமாகச் சிரித்த மாதிரியே இருந்து சிரிக்காமல் இருந்த முகம் ராமாத்தாளுடையது, இப்போதுதான் சிரித்தது. சென்னியப்பன் அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பயந்தார். இந்த ஊரில் நிழல் எழுவது வெட்டியதற்குத்தான். உயிரோடு நிற்கும் எதுவும் தன்னை விட்டுத் தன் நிழலை அனுப்பியதாக அவர் கேள்விப்பட்டதில்லை. புள்ளை இருக்கிறாளா போய்விட்டாளா? அதை ராமாத்தாளிடம் கேட்க முடியாது, யாரிடமும் கேட்க முடியாது. பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, சங்கத்து வேலையாகப் போகிறேன் என்று சொல்லிக் கொள்ளேகால் பஸ் ஏறினார்.

விசாரித்துக்கொண்டு போய்ச் சேரும்போது மணி மூன்று. மல்பெரித் தோட்டத்தில் பட்டுப்புழுவுக்கு இலை பறித்துக்கொண்டிருந்த நாலைந்து பெண்களில் அவள் இருந்தாள். உயிரோடு இருந்தாள். அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார், அழுதுவிடுவோமோ என்று துண்டை வாயில் வைத்துக்கொண்டார். அப்புறம்தான் பார்த்தார். மற்றப் பெண்களின் நிழல் செடிகள்மேல் சாய்ந்து கிடந்தது. அவள் காலடியில் மண் வெறுமனே வெளுத்துக் கிடந்தது.

அவள் வந்தாள், வாங்க என்றாள், ஊருக்குப் புதுசாக வந்தவரைக் கூப்பிடுவதுபோல. சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். தனக்குக் கல்யாணமாகி ஏழு வயசில் ஒரு பெண் இருப்பதைச் சொன்னாள், அது நன்றாகப் படிக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. மெலிந்துபோயிருந்தாள், உதடு வெடித்திருந்தது. பத்துப் பதினோரு நாளாக இப்படி என்றாள்.

"எங்க போச்சுன்னு தெரியிலீங்க. வெயிலு மேல மட்டும் பட்டாத் தாங்கிக்கலாம். இப்ப உள்ள எறங்குது. டாக்டரு சத்தில்லைங்கறாரு, மாத்திரை குடுத்திருக்கறாரு."

அது எங்கே இருக்கிறது என்று அவர் சொன்னார். அம்மா அதோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதையும் சொன்னார். அவள் இலைக்கூடையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள், ஆச்சரியப்படவில்லை.

"நான் பண்ணுனது தப்பு, சாமி," என்றார் சென்னியப்பன்.

"தெரியுமுங்க."

"வீட்டுக்கு வந்துரு. மாப்பிள்ளையவும் குழந்தையவும் கூட்டிக்கிட்டு வா."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவர் காலில்கூட விழுந்திருப்பார். அவள் யோசித்து, மெதுவாக, பேசப் பிந்திய குழந்தை முதன்முதலாகப் பேசுவதுபோல் ஒவ்வொரு சொல்லாக எடுத்துச் சொன்னாள்.

"நாத்தப் பிடுங்கி இங்க நட்டாச்சுங்க. நட்ட எடத்துல பிடிச்சுக்கிச்சு. மறுக்காப் பிடுங்காதீங்க."

பிறகு அவரை பஸ் ஏற்றிவிட நிழலில்லாமல் ரோடுவரை நடந்து வந்தாள். நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள்.

அவர் ஊர் திரும்பியது மறுநாள் காலை. ராமாத்தா வாசலில் நிழலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். சங்கத்து வேலை ஆச்சுங்களா என்று கேட்டாள். அவருக்குப் பொய் சொல்லத் தோன்றியது, நிஜமாகவே தோன்றியது. இந்த நிழல் இங்கேயே இருந்தால் இவள் சிரித்துக்கொண்டு இருப்பாள், தானும் மிச்சக் காலத்துக்கு இந்த வாசலில் மகள் நடப்பதைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். அங்கே ஒருத்தி வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்துபோவாள், நுனியிலிருந்து. ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றை விடுவது அவருக்குத் தெரிந்த வேலைதானே. அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

ராமாத்தா அரிந்த காயைத் தட்டில் போட்டாள். மிச்சக் காயையும் அரிந்து முடித்தாள். அப்புறம் நிழலின் தலை இருந்த இடத்தில் மண்ணைக் கையால் ஒருதரம் தடவினாள்.

"அப்ப இது அவளுதுங்க. கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க."

"நீயும் வா, ராமாத்தா. புள்ளையப் பாத்துட்டு வரலாம்."

"நான் வந்தனா, இத விடமாட்டனுங்க," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள், அடுப்பங்கரையில் பாத்திரச் சத்தம் கேட்டது.

அடுத்த நாள் காலை ஏழரைக்கு அவர் வாசலில் நின்று, போலாம் சாமி என்றார். நிழல் வந்தது. பஸ் நிறுத்தம்வரை இருவரும் நடந்தார்கள், அவருடைய நிழல் பக்கத்தில் அது காலை இழுத்து இழுத்து வந்தது, அவர் நடையைக் குறைத்துக்கொண்டார். எதிரே வந்த நஞ்சம்மா ஆடுகளை ஓரமாக ஒதுக்கி வழிவிட்டாள். பஸ்ஸில் கிழக்குப் பக்கத்து ஜன்னலோரம் வெயில் விழுந்த சீட்டில் நிழலை உட்காரவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கொள்ளேகால் இரண்டு என்றார். கண்டக்டர் இந்தத் தடத்தில் ஒரு வருஷமாக ஓடுகிறவர், காலி சீட்டில் சாய்ந்திருந்த நிழலைப் பார்த்துவிட்டு இரண்டு டிக்கெட் கிழித்தார்.

"புள்ளையக் கூட்டிக்கிட்டு வர்றீங்ளா, கொண்டுபோய் விடறீங்ளா?"

"கொண்டுபோய் விடறனுங்க," என்றார்.

மலைப்பாதை ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் பஸ் திரும்பும்போது வெயில் எதிர்ப்பக்கம் போய்விடும், சீட்டில் ஒன்றும் இருக்காது. அடுத்த வளைவில் வெயில் திரும்பி வரும், அவளும் இருப்பாள், ஜன்னல் கம்பியில் கைவைத்து வெளியே பார்த்துக்கொண்டு. வெயில் இல்லாத நேரமெல்லாம் சென்னியப்பன் சீட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். உச்சியை நெருங்கும்போது மஞ்சு இறங்கியது. ரோடும் மரமும் தெரியவில்லை, வெயில் எந்தப் பக்கமும் வரவில்லை, வளைவுகள் முடிந்து பஸ் சமதளத்தில் ஓட ஆரம்பித்தும் வரவில்லை. அவள் இறங்கிவிட்டாளா, பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பிவிட்டாளா, பக்கத்தில்தான் இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. நடுவில் ஒரு நிறுத்தத்தில் கூட்டம் ஏறியது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்து, கொஞ்சம் தள்ளி உட்காருங்க பெரியவரே, இடம் சும்மாதானே இருக்குது என்று கேட்டாள்.

சென்னியப்பன் எழுந்து தன் இடத்தை அவளுக்குக் கொடுத்தார். கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, ஜன்னலோரத்தைக் காட்டிச் சொன்னார்.

"அங்க மட்டும் உக்காராதீங்க அம்மிணி. ஆளிருக்குது. எம் புள்ள."